கட்டுமரமும் கேட்டமரானும்

'கேட்டமரான்' நம்ம 'கட்டுமரம்' என்பது பலருக்கும் தெரியும். அதுக்கும் ஒருபடி மேலே போய், இரண்டு படகு உடலைப் பக்கத்துப் பக்கத்தில் இணைக்கும் நுட்பத்தைக் கண்டுபிடிச்சதே தமிழன்தான் என்று ஒரு பெருமை வாட்ஸப்பில் சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சரியில்லை.

1583ல் சாந்தோம் வந்த வெனிஸ் நகை வணிகர் காஸ்பரோ பால்பி இதை 'கட்டமெரோனி' என்று எழுதினார். ஏழு உருட்டு மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று எண்ணியே சொல்கிறார். அடுத்த நூற்றாண்டில் ஜான் ஃப்ரையர் இரண்டு 'டி' போட்டார். வில்லியம் டாம்பியருக்கு ஒரு 'டி' போதும். 1886ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'கட்முரம்', 'கட்முரல்' என்ற வடிவங்களையும் தருகிறது. எழுத்து இப்படித் தள்ளாடினாலும் இவங்க எல்லாரும் குறித்தது சேர்த்துக் கட்டிய மரத்தைத்தான். எழுத்து நிலைச்ச பிறகுதான் பொருள் கழண்டுபோச்சு.

1804ல் புலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் மேல் பிரிட்டிஷ் கடற்படை ஏவிய வெடிப்பெட்டிகளுக்கு இதே பெயர். ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் இப்படித் திட்டினாங்க (நம்ம குப்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!). 1876ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டினார். அந்த வகைப் படகோடு பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அப்படிப்பட்ட ஓடங்களில் பாலினீசியர்கள் அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே கடல் கடந்தாச்சு. பெயர் நம்மது, உருவம் அவங்களது.

எனக்குக் குறை அகராதிகள் மேல்தான். சில அகராதிகள் 'கட்டு', 'மரம்' என்று தமிழ் மூலத்தைக் காட்டிவிட்டு, பொருளில் இரட்டை உடலை மட்டும் தருகின்றன. படிக்கிறவர் இரண்டையும் முடிச்சுப்போட்டு, தமிழர்கள் இரண்டு படகைக் கட்டினாங்க போல என்று முடிவு பண்ணிடுவார். வாட்ஸப் பெருமைக்கு வேறென்ன வேணும்?

கட்டுமரத்தில் குழிவான உடல் என்பதே கிடையாது. ஏறுகிற தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிஞ்சிடும், நிரம்பி மூழ்காது. துறைமுகமில்லாத அந்தக்கால மெட்ராஸில், அலை உடையும் இடத்தைத் தாண்டி நின்ற கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோக அதனால்தான் இது உதவியது. கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவாங்க. கட்டுவதும் அவிழ்ப்பதுமே அதன் வேலைமுறை. இரட்டை உடல் கப்பலில் எதை அவிழ்க்க?

ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் இப்போ கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு மாற்றம் இன்னும் வேகமாச்சு. மரங்கள் கரையிலிருந்து போன பிறகு அந்தப் பொருள் இருக்கப்போவது அகராதியில்தான். பால்பி மாதிரி மரத்தை எண்ணியாவது அங்கே எழுதி வைக்கலாம்.