டார்ச் அடித்துப் பார்

மானிட்டர் இருண்டுவிட்டால் நாம் காயலான் கடையை நினைக்கிறோம். மெக்கானிக் அறை விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடிக்கிறார். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. காசில்லாத சோதனை, என்ன அழகு!

2000-களின் எல்சிடிகள் பலவற்றில் குற்றவாளி, பவர் போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர். புதிதாகப் போடுவதில் மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் கூடினால் பாதகமில்லை. கோடு போட்ட நெகட்டிவ் கால் இடம் மாறவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும், அவசரக் கைக்கு அடி நிச்சயம்.

பேனலே உடைந்திருந்தால் செலவு கட்டாது. ஆனால் உள்ளிருக்கும் அக்ரிலிக் பலகையையும் வெண்தாள்களையும் வீசாதீர்கள். விளிம்பில் எல்இடி பட்டை ஒட்டினால் கண் கூசாத விளக்கு. கோலம், வரைபடம் நகலெடுக்க அருமையான மேஜை.