எதிரெதிர் வதந்திகள், ஒரே பிழை: திருப்பூர்ச் செய்திகளை முன்வைத்துப் புறநிலைத்தன்மை குறித்த ஒரு மதிப்பீடு

2023 சனவரியில், வடமாநிலத் தொழிலாளர் தமிழரை விரட்டுவதாகத் திருப்பூர்க் காணொளி ஒன்று பரவியது. அது தேநீர்க்கடையில் எழுந்த தனிப்பட்ட தகராறு எனக் காவல்துறை விளக்கியது. மார்ச்சில், பீகார்த் தொழிலாளரைத் தமிழர் கொல்வதாக வேறு காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் மோதிக்கொண்டது என்று காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு தெளிவுபடுத்தினார். பீகார் அரசின் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்தது. தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர்மீது திருப்பூரில் வழக்குப் பதிவாயிற்று.

இவ்விரு வதந்திகளின் சார்பு நேர் எதிரானது, பிழையோ ஒன்றே. எங்கு, எப்போது, யாருக்கிடையே என்னும் அடிப்படை வினாக்கள் எழுப்பப்படவில்லை. ஆகவே புறநிலைத்தன்மை என்பது இருதரப்புக்கும் சம இடம் தருவதன்று. வதந்தியையும் மறுப்பையும் அருகருகே அச்சிட்டால் சமநிலை கிட்டும், உண்மை கிட்டாது. சரிபார்ப்பே அதன் உயிர்நாடி.

நம் இதழ்களும் இதிலிருந்து விலக்கல்ல. ஒடிசா, பீகார், சார்க்கண்டு எனப் பல நிலத்தாரையும் 'வடமாநிலத்தவர்' என்னும் ஒரே சொல்லில் அடக்கும் தலைப்பு, தனிமனிதர் குற்றத்தை ஓர் இனத்தின் இயல்பாக்குகிறது. சனவரி வதந்தி எளிதில் நம்பப்பட்டதற்கு இவ்வழக்கமும் துணைநின்றது எனலாம்.

வழக்கும் கைதும் அரசின் நடவடிக்கைகள். அவை இதழியல் பொறுப்புடைமைக்கு ஈடாகா. அதிகாரத்தைக் குறைகூறும் மெய்ச்செய்திமீதும் அதே சட்டம் பாயக்கூடும். பிழைத்த செய்திக்கு அளித்த அதே முதன்மையைத் திருத்தத்திற்கும் அளிப்பதே ஆசிரியரின் கடன்.