தண்ணி வந்த பிறகுதான் எழுதுகிறோம்

நம்ம தோட்டக் கதைகளில் வெள்ளம் வந்தால் அடுத்த பத்தியில் யாராவது செத்துவிடுவார்கள். தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு நேரத்தில் ஏறியது, லயத்து ஆட்கள் எந்த மேட்டுக்கு ஓடினார்கள் என்பதெல்லாம் இருக்காது. நான் வாசித்தவரைக்கும் வெள்ளம் அங்கே வறுமைக்கோ விதிக்கோ ஒரு குறியீடு, அவ்வளவுதான். இதை வெறும் அழகியல் குறை என்று விட்டுவிட முடியவில்லை.

2022 ஜூலை 4. கெடா, பாலிங் மாவட்டத்தில் குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டையுமாக இறங்கிய தண்ணீரில் கூப்பாங் வட்டாரத்தின் கம்போங் இபோயில் மூன்று பேர் இறந்தார்கள். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். அலோர் ஸ்டார் பக்கம் வயல்களில் மெதுவாக ஏறும் வெள்ளம் வேறு. அதில் ஐசியையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்ட நேரம் கிடைக்கும். இதில் கிடைக்காது. கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டியிருக்கும். ஆறு திடீரெனக் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், மேலே இரைச்சல் கேட்கும். அப்போதே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். 'காட்டாற்று வெள்ளம்' என்று தமிழிலேயே சொல் இருந்தும், இரண்டையும் 'வெள்ளம்' என்றே எழுதிப் போகிற கதை ஆற்றைப் பார்க்காமல் எழுதப்பட்ட கதை.

"இலக்கியம் என்ன பேரிடர் கையேடா?" என்று கேட்கலாம். அச்சேக்கு அப்பாலுள்ள சிமெலுவே தீவில் 1907 சுனாமியின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்: பூமி ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004இல் சில நிமிடங்களில் அலை வந்தும், சுமார் 78,000 பேரில் 7 பேர்தான் இறந்தார்கள்.

அதே நாளில் கெடாவின் கோத்தா கோலா மூடாவை அலை தொட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நேரம் இருந்தது, எச்சரிக்க ஆளில்லை. தொலைவில் ஆடிய பூமிக்குப் பாட்டு மட்டும் போதாது, அரசின் எச்சரிக்கையும் வேண்டும் என்பது உண்மை. இன்று வானிலைத் துறை மழைக்கு 'வாஸ்பாடா, பூரோக், பஹாயா' என மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது. ஆனால் 'பஹாயா' என்று வந்தால் நம்ம ஊரில் எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பதை அந்தச் சொல் சொல்லாது. கித்தா காட்டில் பால் வெட்டிய பாட்டிகளுக்கு அது தெரியும். தோட்டம் போய் தாமானுக்கு வந்தபின் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அடுத்த வெள்ளக் கதையிலும் ஆள் சாகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் எந்த மேட்டுக்கு ஓடியிருக்கலாம் என்பதும் அந்தக் கதையில் இருக்கட்டும்.