மலர் பேசும், கேட்பார் வேண்டும்

வெட்சி சூடின் ஆநிரை கவர்தல். கரந்தை சூடின் மீட்டல். வாகை சூடின் வெற்றி. இவ்வாறு மலரையே சொல்லாக்கிப் பேசியது தமிழ் மரபு. அஃது ஊரறிந்த மொழி. சூடுவோனும் காண்போனும் ஒரு பொருளே கொண்டனர். சுற்றியிருப்போர் எவரும் அறியாத மலர்மொழியை ஒருத்தி மட்டும் பேசினால் அவள் நிலை யாது? 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘மலர்களின் மொழி’ என்னும் ஆங்கிலப் புதினம் எழுப்பும் வினா இது. ஆசிரியர் அமெரிக்கரான வெனஸ்ஸா டிஃபன்பா. வளர்ப்புப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர்.

கதைத்தலைவி விக்டோரியா, வீடு வீடாக மாற்றப்பட்டு வளர்ந்தவள். பதினெட்டாம் வயதில் அரசின் காப்பு முடிகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பூங்காவில் படுத்துறங்கும் அவளுக்குப் பின்னர்ப் பூக்கடையில் வேலை கிடைக்கிறது. சிறு வயதில் எலிசபெத் என்னும் வளர்ப்புத்தாய் கற்பித்த மலர்மொழி ஒன்றே அவள் கைம்முதல்.

அவ்வம்மையார் அம்மொழியைக் கற்பிக்கத் தொடங்கும் இடமே நூலின் உயிர்நிலை. புதிதாக வந்த சிறுமி, வெறுப்பினால் அவர் காலணியில் கள்ளிமுள்ளை நிரப்பி வைக்கிறாள். அவர் அவளைத் துரத்தவில்லை. கள்ளிக்கு ஆழ்ந்த காதல் என்பது பொருள். வெறுப்பைச் சொல்ல வேறு முட்செடி உண்டு என்று திருத்துகிறார்! குற்றத்தைப் பிழைபட்ட சொல்லாகக் கண்டு, சரியான சொல்லை எடுத்துக் கொடுத்த ஆசிரியர் அவர். எனினும், தத்தெடுப்பு உறுதியாகும் தறுவாயில் சிறுமி அவருடைய திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைத்து, அவ்வுறவைத் தானே அழித்துக்கொள்கிறாள். அன்பைப் பெறுவதினும் அதை நம்புவது அரிது என்பதை நூல் மறைக்கவில்லை.

பின்னாளில் தான் பெற்ற மகவைப் பாசி பரப்பிய கூடையில் கிடத்தி, அதன் தந்தையிடம் விட்டுச் செல்கிறாள் அவள். அம்மொழியில் பாசிக்குத் தாயன்பு என்பது பொருள். பாசியும் பாசமும் நம் செவிக்கு இயைவது தற்செயலே. ஆனால் பாசிக்கு வேரில்லை, வேரில்லாததும் தழைக்கும். வேரற்று வளர்ந்தவளும் அன்பு செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் பொருத்தமான உவமை வேண்டுமோ?

குறையும் உண்டு. இவள் தரும் பூச்செண்டைப் பெற்றோர் வாழ்வு எளிதில் சீராகிவிடுகிறது. சந்தையில் காணும் இளைஞன் எலிசபெத்தின் உறவினனாய் அமைவதும் கதைக்கு வேண்டிய தற்செயல். மலருக்கே மாயவலிமை உண்டென்று இவ்விடங்கள் மயக்குகின்றன. நூலின் உண்மை வேறு. மஞ்சள் ரோசாவுக்கு ஓர் அகராதி ஒரு பொருளும், மற்றோர் அகராதி வேறொரு பொருளும் கூறக் கண்டு விக்டோரியா திகைக்கிறாள் அன்றோ? பொருள் மலரில் இல்லை. இருவர் கூடி ஏற்பதில் இருக்கிறது. நம்பிக்கையும் அவ்வாறே பிறக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபின், பாட்டியிடமும் சின்னம்மாவிடமும் வளரும் பிள்ளைகளைப் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் நாம் காண்கிறோம். தோழியின் நோட்டைக் கிழிப்பவளும், கேட்டதற்கு வாய் திறவாதவனும் நமக்கு ஏதோ சொல்கின்றனர். தண்டனைக்கு முன் அதன் பொருளைத் தேட வேண்டும் என்று கருதும் ஆசிரியர் இந்நூலை ஒருமுறை படித்தல் நன்று.