தலைக்கு மேலே ஒரு நம்பர்

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏறி முடியும்வரை லாரி கேபினில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மார்க்கரால் மூன்று வரி: ஓ பாசிட்டிவ், மச்சான் நம்பர், மனைவி நம்பர்.

"மச்சான் ஏன் முதல்ல?"

"அவ ஒண்டியா இருப்பாண்ணே. அவன் நேர்ல போய்ச் சொல்லுவான்."

எந்தப் படிவமும் இப்படி யோசித்ததில்லை.

போனில் நம்பர் இருக்குமே என்றேன். டிரைவர் சிரித்தார். "லாக் போட்ட போனை யாரு தொறப்பா? அடிபட்டா மொதல்ல ஒடையறதே அதுதான்."

உப்புக் காற்றில் மை மங்கும். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது மறுபடி எழுதுவாராம். எழுத்து தடித்தே போயிருந்தது.

விபத்தில் அடிபட்டவர்களுக்கான 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது பக்கத்து மேல்மருவத்தூரில்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தென்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு வரம்பு வரை இலவசம். நல்ல திட்டம். ஆனால் வீட்டுக்குத் தகவல் போக அந்த மூன்று வரிதான் வேண்டும்.

உங்கள் வீட்டில் லாரி ஓட்டுகிறவர் இருந்தால், அழியாத மார்க்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.