மணலில் எழுதிய ஆசான்

ஆசிரியர் மேடையில், மாணவர் தரையில் என்பதே கல்வியின் இலக்கணம் என்று நம்பிக் கிடக்கும் நாட்டில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆசிரியருக்கு வழிகாட்டிய செய்தி கூறும் நூலொன்றைப் படித்தோம். புதிய நூலன்று, 1797இல் இலண்டனில் வெளிவந்தது. 'கல்வியில் ஒரு சோதனை' என்பது அதன் பெயர்ப் பொருள். எழுதியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். சோதனை நடந்த இடமோ நம் எழும்பூர்!

பாதிரியார் நூலில் பகுத்தறிவாளருக்கு என்ன வேலை எனத் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அங்கியை விடுத்து எழுத்தைப் பார்ப்போம்.

1789இல் எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பைப் பெல் ஏற்றார். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிறந்து, பெரும்பாலும் இம்மண்ணின் பெண்களைத் தாயராகக் கொண்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். ஒருநாள் குதிரையேறிச் சென்றவர், 'மலபார்' பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். (அந்நாளில் வெள்ளையர் தமிழரையும் மலபார் என்றே எழுதினர்.) திரும்பியதும், தம் பள்ளியிலும் எழுத்தறியாச் சிறுவர்க்கு அவ்வாறே கற்பிக்குமாறு உதவி ஆசிரியரைப் பணித்தார். நடவாது என்றார் ஆசிரியர். தாம் கற்ற முறையை விட்டு மணலில் குனிவதா என்ற மனத்தடை போலும்! பெல் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதென்ற வேலை அச்சிறுவனால் ஆயிற்று.

ஏகலைவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணரைப் பேராசான் எனப் போற்றும் மரபு இங்கே உண்டு. அம்மரபுக்கு ஒரு சிறுவனின் சுட்டுவிரல் தந்த மறுமொழியாகவே நாம் இந்நிகழ்ச்சியைப் படித்தோம்.

ஆயினும் நூலை மூடும்போது நெஞ்சில் ஒரு குறை நிற்கிறது. நடவாது என்ற அந்த ஆசிரியர், சிறுவன் எதிரே அமர்ந்து, தாமும் மணலில் விரல் வைத்துப் பார்த்தாரா? அந்தக் கேள்விக்கே பெல் வரவில்லை. ஊதியம் பெறும் ஆசிரியரின் வேலையைப் பிள்ளைகளே செய்வதால் செலவு குறைகிறது என்பதே அம்முறையின் பெரும் புகழாயிற்று. ஆசிரியரைத் திருத்தக் கிடைத்த வாய்ப்பு, ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் சிக்கனமாகச் சுருங்கியது. இன்னும் கொடுமை, பின்னர் வந்த பதிப்பில் காண்பது: ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்கிடவும்கூடக் கற்பிக்க வேண்டுவதில்லை என்கிறார்! எழுதும் பிள்ளைகளைக் கண்டு புகழுக்கு வழி தேடிக்கொண்டவர் பேசும் பேச்சா இது? 1832இல் இறந்த அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கல்லறை கிடைத்தது. மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் பெயரோ நூலிலும் இல்லை.

கையால் கற்பது என்றதும் நம்மவர் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 1953இல் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று வந்த குலக்கல்வியும் கைவேலை என்ற போர்வையைத்தான் போர்த்திக்கொண்டது. 1954இல் அது ஒழிந்தது. பிள்ளையின் கையைச் சாதியோடு கட்டுவது வேறு. அறிவோடு இணைப்பது வேறு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், இரண்டாவது வகை. அதில் ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். அட்டை எடுத்துப் பயின்ற பிள்ளை அடுத்த பிள்ளைக்கு உதவியது.

பெல் எடுத்து வைக்காத அடியை நாம் வைக்கலாகாதா? வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்சி நடக்கும் நாள்களுள் ஒன்றைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுப் பார்க்கட்டும். வல்லுநர் பேச வேண்டா, பொன்னாடையும் வேண்டா. பாயை விரித்து, புளியங்கொட்டைகளைக் கொட்டி, மூன்றாம் வகுப்புச் சிறுமி பின்னக் கணக்கைப் பிரித்துக் காட்டட்டும். காட்டி முடித்ததும், எதிரே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரிடம் கொட்டைகளைத் தள்ளி, "இப்போது நீங்கள் செய்யுங்கள், ஐயா" என்று அவள் சொல்லட்டும்.