கித்துல்கல: ஆற்றங்கரை முதலா, மலை முதலா?

அவிசாவளையிலிருந்து அட்டன் போகும் ஏ7 வீதி எட்டியாந்தோட்டையைத் தாண்டியதும் களனி கங்கையோடு சேர்ந்து நெளியத் தொடங்கும். கித்துல்கல அங்கேதான் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் வீதியோரம் வேன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் மாட்டிய இளைஞர்கள் காற்றடித்த படகுகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்குகிறார்கள். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்ற ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்ததும் இந்த ஆற்றில்தான். மலைப்பக்கம் ஏறினால் பெலிலென குகை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்த தடயங்களை அங்கே அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு சிறிய மலையடி ஊருக்கு இத்தனை ஈர்ப்பும் அமைவது அபூர்வம்.

ஆற்றங்கரையை விட்டு அண்ணாந்து பார்த்தால் ரப்பர் மலை. ஹல்கொல்ல, வீஓயா, கித்துல்கல என்று தோட்டங்கள் தொடர்கின்றன. லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்ணுக்கும், படகேறக் கொழும்பிலிருந்து வரும் இளைஞனுக்கும் உள்ளூராட்சி ஒன்றேதான்: எட்டியாந்தோட்டை பிரதேச சபை. சபையின் கையில் இருக்கும் சிறு பணம் முதலில் எந்தப் பக்கம் போக வேண்டும்?

சுற்றுலா வளரும் சிற்றூர்களில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, வீதியோரம். பஸார், வாகனத் தரிப்பிடம், பொது மலசலகூடம், மின்விளக்கு, ஆற்றங்கரை ஆகியவை முதலில். உள்ளே இருப்பவை பிறகு. தோட்டத்துப் பாதையும் குப்பையும் தோட்ட முகாமையின் பொறுப்பு என்று விடப்படுகின்றன. இந்த முன்னுரிமையை ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது.

முதல் நியாயம் வருமானம். சுற்றுலா அதிகார சபையில் பதிவுபெற்ற ஹோட்டல்களிடமிருந்து முந்தைய ஆண்டு வரவில் 1 சதவீதம் வரை அனுமதிக் கட்டணமாக அறவிடப் பிரதேச சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாட்டுப்புறச் சபை ஒன்றுக்கு வளரக்கூடிய வருமானம் என்று சொல்ல இதைப்போல வேறு அதிகம் இல்லை. அதே கேகாலை மாவட்டத்தின் பின்னவலவைப் பாருங்கள். 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தின் நுழைவுச்சீட்டுப் பணம் தேசிய விலங்கியல் பூங்காக்கள் திணைக்களத்துக்குப் போகிறது. சுற்றியுள்ள நெரிசலையும் குப்பையையும் சமாளிக்கும் வேலை ஊருக்கு மிஞ்சுகிறது. கித்துல்கலவின் ஆற்றுக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. ஆகவே ஹோட்டல் வருமானத்தைச் சபை பாதுகாக்க நினைப்பது இயல்பு.

இரண்டாவது நியாயம் வேலை. ரப்பர் மரத்தடியில் வாழ்நாளைக் கழிக்க விரும்பாத தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழும்புக் கடைகளும் வீடுகளும்தான் நெடுங்காலம் போக்கிடம். படகு வழிகாட்டி, சமையற்காரர், அறைப் பணியாளர் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே சம்பளம் கிடைப்பது சிறிய விடயம் அல்ல. மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களில் பலரும் இந்த வழியாகத்தான் அட்டனுக்கு ஏறுகிறார்கள். வீதியோரத்தில் சுத்தமான மலசலகூடம் ஒன்று இருந்தால் அவர்களுக்கும் பயன், சந்தைக்கு இறங்கிவரும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பயன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சபை கைவைக்காவிட்டால் அந்த வேலையை வேறு யார் செய்வார்கள்? ஆற்றங்கரைப் பக்கம் பார்த்தால் பொறுப்பாளிகள் பலர். ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. காடு வனத் திணைக்களத்தினுடையது. ஹோட்டல் பதிவு சுற்றுலா அதிகார சபையிடம். படகு மிதக்கத் தேவையான தண்ணீரே பெரும்பாலும் மேலே லக்சபான தொகுதியின் மின்னிலையங்கள் எப்போது இயங்குகின்றன என்பதைப் பொறுத்தது; 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் திட்டம் வந்தபோது படகுச் சுற்றுலா நடத்துவோர் அஞ்சியதும் இதனால்தான். சுற்றுலாவின் அடித்தளத்தில் பிரதேச சபையின் கட்டுப்பாட்டில் இருப்பது மிகக் கொஞ்சம். லயத்துப் பக்கம் பார்த்தால், கம்பனியை விட்டால் சபை மட்டும்தான். வேறு ஆள் இல்லை.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. 1930களின் இறுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதே தோட்டத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கு மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மிச்சத்தையும் பறித்தது. குடியுரிமை படிப்படியாகத் திரும்பி வந்த காலத்தில் 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடும் உரிமையும் அதே சட்டத்தில் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினரால் தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு மூட்டை சீமெந்து வாங்கித் தர முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தமிழ் முற்போக்குக் கூட்டணியின் இடைவிடாத முயற்சிக்கு அதில் பெரும் பங்குண்டு.

திருத்தம் அதிகாரத்தைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சபைகளுக்குக் கால அவகாசமும் கிடைக்கவில்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அந்த மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் மக்கள் மறுபடி வாக்களித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். புதிதாகக் கிடைத்த உரிமையைக் கேட்டு வாங்க மன்றத்தில் ஒரு குரலும் இல்லாத காலம் அது. நுவரெலியா மாவட்டத்திலாவது இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, தோட்ட மக்கள் பெரும்பான்மையாக உள்ள சபைகள் உருவாகின. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தமிழர் சிதறிக் கிடக்கிறார்கள். எந்தச் சபையிலும் சிறுபான்மைதான். சப்ரகமுவவில் முன்னுரிமைப் பட்டியலை எழுதும் பேனா அவர்கள் கைக்கு வருவது கடினம். பட்டியலின் நியாயத்தைப் பற்றி மற்றவர்களும் சேர்ந்து பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

மலையை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு உரிமை ஒன்று மட்டும் காரணம் அல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அந்த ஊர் எட்டியாந்தோட்டைக்கு அயலில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியபோதும் சரிவுகளின் அடியில் இருந்தவர்களே முதலில் விழுந்தார்கள். மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கி அதில் லயம் கட்டுவது வெள்ளைக்காரன் காலத்து முறை. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளிதான் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு கான் ஓடும். மேலே ரப்பர் வரிசைகளின் குறுக்கேயும் கான்கள் ஓடி, மழைநீரைப் பக்கவாட்டில் ஓடைக்குக் கொண்டுபோகும். ஆள் நிறைய இருந்த காலத்தில் கான் வெட்டு தோட்டத்தின் வழக்கமான வேலை. ஆள் குறையக் குறைய, நாளுக்குக் காசு தராத அந்த வேலைதான் முதலில் கைவிடப்படும். கான் தூர்ந்தால் இலையும் மண்ணும் தண்ணீரை மறிக்கும். மறிந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்தப் பக்கத்தில் ஊறிய சரிவு தன் பாரத்தைத் தானே தாங்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயங்களை வரைபடத்தில் குறிக்கிறது, எச்சரிக்கை விடுக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கானைத் தூர்வாருவது அதன் வேலையல்ல.

குப்பையும் அப்படியே. லயத்துக் குப்பையை எடுக்க வண்டி வராத இடத்தில் அது ஓடையோரத்துக்குப் போகிறது. ஓடை களனி கங்கைக்குப் போகிறது. படகு ஓடும் தண்ணீரும், அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கும் தண்ணீரும் இதே ஆற்றுத் தண்ணீர்தான். மலைக்குக் குப்பை வண்டி அனுப்புவது சுற்றுலாவுக்குச் செய்யும் செலவாகவும், தலைநகரின் குடிநீருக்குச் செய்யும் செலவாகவும் ஆகிறது. இதைக் காட்டி மேல் மாகாணத்திடமும் மத்திய அரசிடமும் பங்கு கேட்கச் சபைக்கு நல்ல வாதம் இருக்கிறது.

மலை ஊர்கள் வருகையாளரை மட்டும் நினைத்து வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி கண்முன் நிற்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வாகனம் போக முடியாது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. அந்த முடிவை எடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். உள்ளூர் மன்றங்கள் காலத்தில் செய்யத் தவறியதை நீதிபதிகள் செய்ய வேண்டியதாயிற்று. கித்துல்கல அந்த அளவுக்கு வளரவில்லை. இப்போது திட்டமிட்டால் செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. தோட்டக் காணி அரசுடையது என்றாலும் 1992க்குப் பிறகு பிராந்தியக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. குத்தகை 53 ஆண்டுகள். பொதுப் பணத்தில் போடும் கொங்கிரீட் பாதையில் கம்பனியின் லொறியும்தான் ஓடும். கம்பனி தன் கடமையிலிருந்து நழுவச் சபையே வழி செய்து கொடுப்பதாக ஆகாதா? இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்காக லயத்துக்காரர் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கவும் முடியாது. பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் போகும் பாதைகளை மட்டும் முதலில் எடுக்கலாம். சீமெந்து கொட்டுமுன் அந்தப் பாதையை எழுத்துமூலம் சபைக்குப் பாரப்படுத்தி, சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். கான் வெட்டுக் கூலியைக் கம்பனியோடு பங்கிட்டு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தோட்டத்து ஆபிஸ் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டலாம்.

பணத்துக்கும் வழி உண்டு. ஹோட்டல்களிடமிருந்து வரும் 1 சதவீதத்தைப் பொது வருமானத்தில் கரைத்துவிடாமல், அதில் ஒரு பகுதியை மலைக்கான்களுக்கும் குப்பை வண்டிக்கும் என்று பாதீட்டில் தனி ஒதுக்கீடாகக் காட்டினால், ஹோட்டல்காரரும் தன் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பார், லயத்துக்காரரும் கேள்வி கேட்பார். எல்லா உறுப்பினருக்கும் சமமாகப் பங்கு பிரிக்கும் பழக்கம் இருக்கும் சபைகளில் இது எளிதாக நடக்காது. அபாயம் எல்லா வட்டாரத்திலும் சமமாக இல்லை என்பதை மன்றத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டிவரும். சபையின் பாதீடு ஆண்டு இறுதியில் நிறைவேறுகிறது, வேலைகள் ஜனவரிக்குப் பிறகு தொடங்குகின்றன. சப்ரகமுவவில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன 2003, 2016, 2017 வெள்ளங்களும் மண்சரிவுகளும் மூன்று முறையும் மே மாதத்தில் வந்தவை. வாகனத் தரிப்பிடத்துக்குக் கல் பதிக்கும் வேலை ஜூலை வரை காத்திருக்கலாம். கான்களை ஏப்ரலுக்குள் வெட்டி முடித்தாக வேண்டும்.